முந்தி வந்தவரா, முடியாமல் வந்தவரா?



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கப்பட்டு வருகிற நமது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இப்பொழுது ஒரு சின்ன மேஜை போடப்பட்டிருக்கிறது. மேஜைக்குப் பின்னால் ஒரு செவிலியர் அமர்ந்திருப்பார். அவர் முன்னால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நான்கு கட்டு அட்டைகள் இருக்கும். உள்ளே வருகிற எவரும் டோக்கன் வாங்குவதற்கு முன்னால் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இந்த மேஜையைக் குறித்து நம்முடைய ஆதரவாளர்களிடமிருந்து சில கடிதங்கள் வந்தன. ஒன்றில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக மனவருத்தம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக இம்மருத்துவமனைக்குக் கொடுத்து வந்த ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பெரியவரைக் கால் வீக்கத்தோடு கூட்டி வந்திருக்கிறார்கள். பச்சை அட்டை கொடுத்து வெகுநேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். அவர்களுக்குப் பின்னால் வந்த யாரோ ஒருவரை நேராக உள்ளே கொண்டுபோனார்களாம். "முந்தி வந்தவர்களுக்குக்கூட மரியாதை இல்லையா?" என்பதே அக்கடிதத்தின் சாரம். பதில் எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஒருவருக்கு எழுதுவதை எல்லாரும் வாசித்தால் நல்லது என்று எண்ணி இம்மடலிலேயே எழுதுகிறேன்.

இந்த முறைக்கு மருத்துவ உலகில் டிரையேஜ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் பொறுக்கிப் பிரிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் முன்னுரிமைப்படுத்தல் என்று எழுதுகிறார்கள். 1848-ல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணி தொடங்கி, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மிஷனெரி மருத்துவர் சாமுவேல் கிரீன் இருந்திருந்தால் இதைவிட நல்ல சொல் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். நம் செவிலியர்கள் 'தரம் பிரிக்கிறது' என்கிறார்கள். பருத்தியையும் பட்டு நூலையும் தரம் பிரிக்கிற ஊரில் அந்த வார்த்தை யாருக்கும் புரியும். ஆனால் இங்கே பிரிக்கப்படுவது மனிதருடைய தரமல்ல, அவருடைய நோயின் அவசரம்.

இதைப் போர்க்களத்தில் முதலில் ஒழுங்குபடுத்தியவர் என்று நெப்போலியனின் படை அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரேயைச் சொல்லுவார்கள். காயத்தின் கடுமையைத்தான் பார்க்கவேண்டும், பதவியைப் பார்க்கக்கூடாது என்பது அவருடைய விதி. தளபதிக்கு விரலில் காயம், சிப்பாய்க்குத் தொடையில் குண்டு என்றால் சிப்பாய்தான் முதலில். மகுடம் சூடிய ஒருவருடைய படையில் இருந்துகொண்டு இப்படி ஒரு விதியை நடத்திக் காட்டியது சாதாரணக் காரியமல்ல என்று நான் நினைக்கிறேன்.

போர்க்களத்தை விட்டு இந்த முறை ஊர் ஆஸ்பத்திரிகளில் உறுதியாக நிலைபெற்றது கடந்த 30, 35 ஆண்டுகளுக்குள்தான். ஆஸ்திரேலியா 1994-ல் தேசமெங்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது. அதில் ஐந்து படிகள். முதல் படியில் இருப்பவரை உடனே பார்க்கவேண்டும். அடுத்த நான்கு படிகளுக்கு முறையே 10, 30, 60, 120 நிமிடங்கள். கனடா 1999-ல் ஏறக்குறைய இதே ஐந்து படிகளை எடுத்துக்கொண்டு, இரண்டாம் படிக்கு மட்டும் 15 நிமிடம் என்று வைத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர்களும் செவிலியர்களும் 1990-களின் நடுவில் வேறு வழியில் போனார்கள். 'மூச்சுத்திணறல்', 'தலைவலி', 'வயிற்றுவலி' என்று நோயாளி சொல்லும் முறையீட்டுக்கு ஒன்றாக ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்து வைத்தார்கள். செவிலியர் பொருத்தமான படத்தை எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வருவார். எந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வருகிறதோ, அந்த இடத்து வண்ணம் நோயாளிக்கு. சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240.

அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் இரண்டு மருத்துவர்கள் உருவாக்கிய முறையில் நிமிடக் கணக்கே கிடையாது. இவர் இப்பொழுதே செத்துப்போகிற நிலையில் இருக்கிறாரா? இல்லையென்றால், இவரைக் காத்திருக்க வைப்பது ஆபத்தா? அதுவும் இல்லையென்றால், இவருக்கு இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, நரம்பு வழி மருந்து என்று எத்தனை வகை உதவி தேவைப்படும்? இரண்டோ அதற்கு மேலோ என்றால் மூன்றாம் படி, ஒன்று என்றால் நான்கு, ஒன்றும் வேண்டாம் என்றால் ஐந்து. எல்லா வசதியும் பக்கத்திலேயே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இது பொருந்தும். எக்ஸ்ரே எடுப்பவர் இரவு வீட்டுக்குப் போய்விடுகிற இடத்தில் இந்தக் கணக்கு எப்படிச் செல்லும்?

நம் மேஜைக்கு வந்து சேர்ந்த முறை தென்னாப்பிரிக்காவுடையது. கேப் டவுனில் 2004-ல் கூடிய ஒரு குழுவினர் தங்களுக்குள்ள குறைவை முதலில் ஒத்துக்கொண்டார்கள். மருத்துவர்கள் கொஞ்சம், நோயாளிகள் திரள், மேஜையில் உட்காருகிறவர் பெரும்பாலும் நீண்ட படிப்பில்லாத உதவிச் செவிலியர். ஆகவே ஏழே காரியங்களைப் பார்த்து மதிப்பெண் போடும்படி செய்தார்கள். நடந்து வந்தாரா, தாங்கிப் பிடித்து வந்தாரா, தூக்கி வந்தார்களா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் சூடு, நினைவு, அடிபட்டிருக்கிறாரா இல்லையா. கூட்டி 7-க்கு மேல் போனால் அல்லது 7 வந்தால் சிவப்பு. 5, 6 என்றால் ஆரஞ்சு, பத்து நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். 3, 4 மஞ்சள், ஒரு மணி நேரம். அதற்குக் கீழே பச்சை, நான்கு மணி நேரம்வரை. மதிப்பெண்ணோடு கூட, நெஞ்சுவலி, விஷம், திடீர் மூச்சுத்திணறல் போன்ற சில அடையாளங்கள் இருந்தால் மதிப்பெண் குறைவாயிருந்தாலும் மேல் படிக்கு ஏற்றிவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வண்ணங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் பேசுவதில்லை. மான்செஸ்டரில் நீலம் என்றால் நான்கு மணி நேரம் காத்திருக்கலாம் என்று பொருள். கேப் டவுனில் நீலம் இறந்து போனவருக்கு. வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிவந்த செவிலியர்கள் நம்மிடத்தில் சேரும்போது முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொன்னால் தெளிவாகும். பிள்ளையார்பாளையத்திலிருந்து 58 வயதுள்ள ஒரு நெசவாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர், வாயுதான். ராத்திரி கொண்டக்கடலை சாப்பிட்டேன்" என்பார். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலி இல்லாமலும் வரும் என்பது மருத்துவர்கள் அறிந்த காரியம். டோக்கன் முறையில் அவருடைய இடம் எது? அவருக்கு முன்னால் 11 பேர் இருந்தால் பன்னிரண்டாவது இடம். அதிலும் தறிக்காரர்கள் கூச்சப்படுகிறவர்கள்; முண்டியடிக்கத் தெரியாது. இந்த மேஜையிலோ, தாங்கிப் பிடித்து வந்ததற்கு ஒரு மதிப்பெண். மூச்சு நிமிடத்துக்கு 24 இருந்தால் இரண்டு. நாடி 112 இருந்தால் இன்னும் இரண்டு. ஆக ஐந்து. ஆரஞ்சு அட்டையோடு பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. படுக்கையில் இருப்பார். அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவேண்டியதில்லை. அவருடைய உடம்பே பேசிவிட்டது.

இந்த உதாரணத்தை நான் கற்பனையாக எழுதவில்லை என்பதையும் நீங்கள் அறியவேண்டும். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் நான் சாப்ளினாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் சபைக் கமிட்டி அங்கத்தினர் ஒருவர் தம்முடைய மருமகளை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளாய்க் காய்ச்சல். நான் அங்கியோடு முன்னே நடந்து, வரிசையை ஒதுக்கி, நேராக மருத்துவர் அறைக்குள் அவர்களைக் கொண்டுபோனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயருக்கு யார் என்ன சொல்லுவார்கள்? வெளியே பெஞ்சில் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழி விடுவதற்காகத் தம்முடைய கால்களை மடக்கிக்கொண்டார். அதுமட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சற்று நேரம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று சாயங்காலம் அவருக்காக நான்தான் ஜெபம் செய்தேன்; மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். நாம் எடுத்துக்கொண்ட அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தினால்தான் போனார் என்று மருத்துவர் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நமது வேதாகமத்தில் இந்தக் காரியத்தைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது யோவான் 5-ம் அதிகாரத்துப் பெதஸ்தா குளம். முந்தி இறங்குகிறவனுக்கே சுகம் என்பது அங்கே நம்பிக்கை. 38 வருஷம் படுத்துக்கிடந்தவனுக்கு முன்னால் எப்பொழுதும் வேறொருவன் இறங்கிவிடுகிறான். டோக்கன் வரிசையின் அநியாயம் இதைவிடத் தெளிவாக எழுதப்பட்டதில்லை. கால் உள்ளவன்தான் முந்துவான்.

ஆனால் மாற்கு 5-ம் அதிகாரம் என்னை இன்றும் விடுவதில்லை. யவீருவின் மகள் மரணப்படுக்கையில் இருக்கிறாள். எந்த நாட்டு அளவுகோலிலும் அவளுக்குச் சிவப்பு அட்டை. போகிற வழியில் பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவள் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கமாட்டாளா? நம் செவிலியர் மஞ்சளோ பச்சையோ கொடுத்திருப்பார். ஆண்டவரோ நின்றார், யார் தொட்டது என்று கேட்டார், அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள்ளே சிறு பெண் இறந்துபோனாள் என்று செய்தி வருகிறது. செமினரி நாட்களில் இந்தப் பகுதியின்மேல் நான் எழுதிய பிரசங்கங்களில் அந்த ஸ்திரீயின் விசுவாசம் இருந்தது. பக்கத்தில் நின்ற தகப்பனுடைய பதைப்பைக் குறித்து ஒரு வரி இல்லை. ஒரு சகோதரர் என்னைக் கேட்டார்: "ஐயா, ஆண்டவரே வரிசையை மாற்றவில்லையே, அப்படியானால் இந்த வண்ண அட்டை எதற்கு?" மரித்தவளைக் கைபிடித்து எழுப்ப வல்லவர் தாமதிக்கலாம், நம் டூட்டி டாக்டர் தாமதிக்க முடியாது. என்னால் கொடுக்க முடிந்த பதில் அவ்வளவுதான். இன்னொன்றும் கவனித்தேன். ஜெபஆலயத் தலைவனுடைய காரியமாய்ப் போகும்போது பெயரில்லாத ஒரு பெண்ணுக்காக நின்றாரே தவிர, பெயரில்லாதவளை விட்டுவிட்டுத் தலைவன் வீட்டுக்கு ஓடவில்லை.

நம் தேசத்தில் இக்காரியம் எப்படியிருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சட்டத்தின் பக்கத்தில் பெரிய திருப்பம் 1989-ல் வந்தது. ஸ்கூட்டரில் போன ஒருவர் விபத்தில் அடிபட்டு, முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் போலீஸ் கேஸ் என்று சேர்க்க மறுத்து, தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, வழியிலேயே இறந்தார். இச்செய்தியை வைத்து பர்மானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை, மற்ற நடைமுறைகள் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1986-லேயே, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசர நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2017-க்குப் பிறகு, தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள் ஏற்பட்டன. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சாலைகளில் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிற பிள்ளைகளைக் கணக்கில் வைத்தால் இது நமக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். வேலூர் சி.எம்.சி.யில் பலகாலமாகவே முன்னுரிமை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்துப் பார்த்து வருகிறார்கள்.

வண்ண அட்டை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பவேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. 2015-க்குப் பின் தேசமளவில் அது எட்டப்படவில்லை. யார் முதலில் என்று மேஜை சொல்லும். படுக்கையை மேஜையால் உண்டாக்க முடியாது. இன்னொரு பக்கம், ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்துப் பிளான்டயர் நகரத்தில் நடந்ததும் உண்மை. அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கிற ஒழுங்கை மாற்றினார்கள். 'உடனே', 'சீக்கிரம்', 'வரிசையில்' என்று மூன்றே பிரிவு. மூச்சு, இரத்த ஓட்டம், வலிப்பு, நீர் வற்றிய நிலை இவற்றை வாசலிலேயே பார்த்து, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், 6 முதல் 8 ஆகக் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் வந்து இது நடக்கவில்லை.

நம் பகுதிக்கே உரிய சில காரியங்களை வெளிநாட்டு அட்டைகள் சொல்லித் தருவதில்லை. கட்டுவிரியன் கடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தரையில் படுத்திருப்பார். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் தெரியாது. காலையில் வயிற்றுவலி என்று நடந்தே வருவார். மதிப்பெண் போட்டால் பச்சைக்குக்கூடப் போகலாம். கண் இமை கொஞ்சம் கீழே தொங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த செவிலியர் இருந்தால்தான் பிழைப்பார். நம் மேஜையில் "தரையில் படுத்தீர்களா?" என்று வயிற்றுவலிக்காரரிடம் கேட்கிறார்கள். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 1978-ல் தொடங்கப்பட்டு, விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருகிற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இங்கிருந்து கிழக்கே, வடநெம்மேலியில்தான் இருக்கிறது. மருந்து இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் மனிதர் வரிசையில் உட்கார்ந்து மூச்சடங்கிப் போவது நமக்கு நியாயமா?

கடைசியாக, பெருங்கூட்டத்தின் காரியம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை சின்னக் காஞ்சிபுரத்தில் 48 நாட்கள் அத்திவரதர் வைபவம் நடந்தது. 40 வருஷத்துக்கு ஒருமுறை வருவதாகையால் தேசமெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்திலும் தெருவைக் கடக்க முடியவில்லை. ஜூலை 18-ம் தேதிக் கூட்டத்தில் நான்கு பேர் மாண்டார்கள். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அன்று நம் வாசலுக்கே வந்தது. அதற்கு வேறு கணக்கு. கலிபோர்னியாவில் 1983-ல் வகுத்த ஒரு முறையைப் பல நாடுகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். நடக்கக்கூடியவர்களை முதலில் ஒருபக்கம் அனுப்பிவிட்டு, மற்றவர்களுடைய மூச்சையும் நாடியையும் நினைவையும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து, சிவப்பும் மஞ்சளும் கட்டுவார்கள். சுவாசப்பாதையைத் திறந்தபின்னும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. அவரை விட்டு அடுத்தவரிடம் போய்விட வேண்டும். சாதாரண நாளில் அவரைச் சுற்றித்தான் எல்லாரும் நிற்பார்கள். பேரழிவில் அவரைத் தாண்டிப் போகச் சொல்லுகிறது ஒழுங்கு. தாண்டிப் போகிற செவிலியருக்கு அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒத்திகை நாளில் நம் மருத்துவக் கண்காணிப்பாளர் எல்லாருக்கும் இடம் குறித்தார். சிவப்புக்கு இரண்டு மருத்துவர், மஞ்சளுக்கு ஒருவர், பச்சைக்கு மாணவச் செவிலியர். "ஐயா, நீங்கள் கறுப்பு" என்றார். அதற்கு வைத்தியம் இல்லை, ஆகையால் அங்கே வைத்தியரும் இல்லை, சாப்ளின் இருக்கலாம். என் ஊழியக் காலத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட இடங்களில் இதையே என் இடமாக எண்ணுகிறேன்.

வருத்தத்தோடு எழுதிய அந்தக் குடும்பத்தாரை நேரில் போய்ப் பார்த்தேன். பெரியவருடைய கால்வீக்கம் இறங்கியிருக்கிறது. அன்று அவர்களைத் தாண்டி உள்ளே கொண்டுபோகப்பட்டது, தேங்காய்ச் சில் தொண்டையில் சிக்கின மூன்று வயதுப் பிள்ளை என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை இருக்குதா?" என்று கேட்டார்கள். இருக்கிறது.

அவசர நேரத்தில் காணிக்கைப் புத்தகத்தின் பெயர்ப்பட்டியலை நம் மேஜையில் வைக்கமாட்டோம். அப்படி வைக்கவேண்டாம் என்று நீங்களே சொல்லுவீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதினேன். மேஜையில் இப்பொழுது இரவும் பகலும் மூன்று முறையாக ஆறு செவிலியர்கள் அமருகிறார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி ஒன்றுதான் இருக்கிறது; குழந்தைகளுக்கான சிறிய அளவு இல்லை. இரவு இரண்டு மணிக்கு மேல், குடித்துவிட்டு வரும் கூட்டத்தாரின் வசைச்சொல்லை முதலில் வாங்குகிறவர்களும் அந்தச் செவிலியர்களே. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீங்கள் வரும்போது உங்களுக்குப் பச்சை அட்டை கிடைத்தால் என்னைக் கூப்பிட்டனுப்புங்கள். தேநீரோடு வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சாப்ளின்,
பெரிய காஞ்சிபுரம்